ஆயிரம் மணிக்கு ஒரு சொம்பு தீர்த்தம்

பச்சைக் கற்பூர வாசனை தேவசேனாவுக்கு ஒரு காலத்தில் பிடிக்கும். இப்போது மூக்கில் ஏறினால் குமட்டுகிறது. கற்பூரம் பாவம், அதன் மேல் குற்றமில்லை. அதைக் கொண்டுபோய்க் கலந்த இடமும் கலந்த கையும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகின்றன.

அவள் ஆந்திர எல்லையிலிருக்கும் நகரிக்காரி. அப்பா நாலு பவர்லூம் ஓட்டுகிறவர். சித்தூருக்கும் பாகாலாவுக்கும் நடுவில், மாந்தோப்பை வெட்டி எழுப்பிய ஒரு பொறியியல் கல்லூரியில் ஐந்து வருஷமாக ஆராய்ச்சி மாணவி. என்ன படிப்பு என்று ஊரில் யாராவது கேட்டால், “தண்ணிய ஆவியாக்கி அதுல இருந்து ஹைட்ரஜன் எடுக்கிறது” என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் வாயைத் திறந்தால், “இதுக்கா அஞ்சு வருஷம்?” என்று அடுத்த கேள்வி வரும்.

ஐந்து வருஷம் போதாது என்பதுதான் நிஜம். எண்ணூறு டிகிரியில் தகிக்கும் நீராவியை உள்ளங்கை அகலப் பீங்கான் தகடு ஒன்றின் மேல் விட்டு, தகட்டில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் ஒரு பக்கமும் ஆக்சிஜன் மறு பக்கமும் பிரிந்துவிடும். பச்சைத் தண்ணீரைப் பிரிப்பதைவிட இதற்கு மின்சாரம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தகட்டின் மேல் பூசிய மின்முனை, அதாவது நீராவி வந்து மோதும் நிக்கல் பூச்சு, அந்தச் சூட்டில் நாள்பட நிலைப்பதில்லை. நிக்கல் துகள்கள் இடம் நகரும், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும், வேலை செய்கிற பரப்பு சுருங்கிவிடும். உலகம் முழுக்க இதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

தேவசேனா பிடித்த வழி சின்னது. சீரியம் கரைசலைப் பூச்சின் நுண்துளைகளுக்குள் சொட்டுச் சொட்டாக இறக்குவாள், காயவைப்பாள், உலையில் சுடுவாள். மறுபடி சொட்டு, மறுபடி சூடு. இப்படிப் பதினான்கு தடவை. அப்படி உள்ளே தங்கிய துகள்கள் நிக்கலை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பத்து தடவை போதாது, இருபது போனால் துளையே அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒன்றரை வருஷமும் முப்பத்தேழு தகடுகளும் ஆயின.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ஆயிரம் மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரே அளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது வோல்ட்டேஜ் ஏறாமல் நின்றால் மின்முனை பிழைத்தது. ஏறினால் அது செத்துக்கொண்டிருக்கிறது. ஆயிரம் மணி நின்றால் அவள் பேரில் ஒரு மின்முனை இருக்கும், படிப்பும் முடியும். நிற்காவிட்டால் ஐந்து வருஷமும் குப்பை.

நிக்கலுக்கு நாக்கு நீளம். தண்ணீரில் எது இருந்தாலும் ஆவியோடு வந்து அதில் ஒட்டும். அந்தப் பக்கத்து போர் தண்ணீரோ விடுதி வாளி ஹீட்டரில் ஒரே மாசத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டுகிற தண்ணீர். ஆகவே நாலு கட்டம் வடிகட்டிய சுத்த நீரை இருபது லிட்டர் தொட்டியில் நிரப்பி, மூடியின் மேல் தேவசேனா தன் கைப்பட எழுதி ஒட்டியிருந்தாள், தெலுங்கிலும் தமிழிலும்: ‘தேவசேனாவைக் கேட்காமல் திறக்கக் கூடாது.’

அந்த விதியை ஒரு நாளும் மீறாத மனிதர் நாகபூஷணம். வடமாலபேட்டைக்காரர், பதினோரு வருஷமாக ஒப்பந்தத்தில் அந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். அவள் அண்ணா என்று கூப்பிடுகிறவர். தொட்டியைத் துடைப்பதற்குக்கூட, “தொடச்சிக்கட்டுமாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் துணியை எடுப்பார்.

முப்பத்தாறு நாள் ஓடியது. ஒன்று புள்ளி இரண்டு எட்டு வோல்ட்டில் கோடு போட்டாற்போல நின்றது. நகரியிலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் போன் போட்டுக் கேட்பார்: “இன்னாமா, எத்தினி ஆச்சு?”

“எண்ணூத்தி அறுவதுப்பா… நைனா, தறி சத்தத்துல காது கேக்குதா உனுக்கு? எண்ணூத்தி அறுவது!”

“வுடாத. ஓடிக்கினு கீறத கை வெக்காத. ஓடறத நோண்டனா அறுந்துடும்.”

நோண்டுவதற்கென்றே பிறந்த ஒருவர் கல்லூரியில் இருந்தார். இயக்குநர் கோபிகிருஷ்ணன். பசுமை ஹைட்ரஜன் என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தில் பதினாறு பொன்னாடை போர்த்திக்கொண்டவர். தகட்டில் நிக்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் போன் வந்த மாதிரி எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அமராவதியிலிருந்து நிதி தரும் குழு பார்வையிட வருகிறது என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, வாழைமரம் எங்கே கட்டுவது என்பது.

கட்டினார்கள். வாயு சிலிண்டர்களை நிறுத்தியிருந்த இரும்புச் சட்டத்தில் இரண்டு பக்கமும் குலையோடு கட்டினார்கள். ஹைட்ரஜன் வருகிற அறைக்குள் ஆரத்தி எடுக்க வந்த ஐயரைக் கையெடுத்துக் கும்பிட்டு வராந்தாவிலேயே நிறுத்தி வைத்தது நாகபூஷணம்தான். இல்லாவிட்டால் குழு அன்றைக்கே மேலே போயிருக்கும். வாசலில் பூசணிக்காய் உடைந்து, அந்தச் சிவப்பு கலந்த சதையை மிதித்த செருப்புகளோடே எல்லோரும் உள்ளே வந்தார்கள். துடைத்துத் துடைத்து வைத்திருந்த தரையில் குங்குமச் சேறு. எதற்கெடுத்தாலும் தலையாட்டிக்கொண்டு பின்னால் ஒரு கூட்டம். அவர்கள் முகத்திலிருந்த இளிப்பைப் பார்க்கத் தேவசேனாவுக்கு அருவருப்பாக இருந்தது. ஒட்டடை அடித்தாற்போல இதையும் ஒரே வீச்சில் அடித்துத் தள்ள முடிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள்.

பூஜை முடிந்து தீர்த்தம் கொடுத்தார்கள். கல்லூரிக் குழாயில் பிடித்த போர் தண்ணீரில் பச்சைக் கற்பூரம், ஏலக்காய், துளசி. தேவசேனாவும் உள்ளங்கை குவித்து வாங்கிக் குடித்தாள். சொம்பில் முக்கால்வாசி மிச்சம் இருந்தது. கோபிகிருஷ்ணன் அதை ஐயர் கையிலிருந்து வாங்கினார். கேமராக்காரன் எங்கே நிற்கிறான் என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நேராகத் தொட்டியிடம் போனார்.

“நம்ம ஸ்டீம்ல சாமி தயை கூட கலக்கணும் கதா!” என்று தெலுங்கு கலந்து குழுவிடம் சிரித்தார். “நாகபூஷணம், மூடிய தொற.”

நாகபூஷணம் மூடியின் மேல் கை வைத்தார். திறக்கவில்லை. அத்தனை பெரிய மனிதர்களையும் தாண்டி, கடைசியில் நின்ற தேவசேனாவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

“தொறக்கட்டுமாம்மா?”

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவளுடைய உதவித்தொகையை ஆறு மாசம் நீட்டிக்கக் கேட்ட மனு இரண்டு மாசமாக அந்த மனிதரின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. குழுத்தலைவர் சிரித்த முகமாக நின்றார். வேண்டாம் சார் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். தேவசேனா சிரித்தாள், தலையை ஆட்டினாள்.

மூடி திறந்தது. சொம்பு கவிழ்ந்தது. கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் வோல்ட்டேஜ் ஒன்று புள்ளி மூன்று. மறுநாள் ஒன்று புள்ளி மூன்று ஐந்து. அவள் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டாள். அடியிலிருந்த வலையில் ஒரு துளசி இலையும் மஞ்சள் தடவிய இரண்டு அட்சதை அரிசியும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. போய்க் குழாயடியில் துப்பிவிட்டு வந்தாள். என்ன கழுவி என்ன, போனது போனதுதான். மூன்றாம் நாள் ஒன்று புள்ளி நான்கு ஒன்று. தொள்ளாயிரத்து நாற்பத்தோராவது மணியில் தகடு விரிசல் விட்டது.

ஐம்பத்தொன்பது மணி நேரம். இரண்டரை நாள்கூட இல்லை.

கல்லூரி வாட்ஸாப் குழுவில் அன்றைக்கும் பூஜைப் படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே கும்பிடுகிற கைகள் வரிசை கட்டி நின்றன. யாருக்கும் தகட்டைப் பற்றிக் கவலை இல்லை. பூஜையில் கொடுத்த லட்டு எத்தனை பேருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதுதான் பேச்சு.

உடைந்த தகட்டை எவர்சில்வர் டிபன் டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்துகொண்டு, பாகாலாவில் ரயில் ஏறித் திருப்பதிக்குப் போனாள். மலைக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து ஒரு அம்மாள், “காணிக்கையா?” என்று கேட்டாள். திருப்பதியில் ஒரு ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்நோக்கிக்கு முன்பே நேரம் வாங்கியிருந்தாள். திரையில் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவளுடைய சீரியம் துகள்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. நிக்கலும் நகரவில்லை. ஆனால் எல்லாவற்றின் மேலும் சிலிக்காவும் சோடியமும் கால்சியமும் பாசி படர்ந்த மாதிரி மூடிக்கிடந்தன. அவள் மின்முனை தோற்கவில்லை. மூச்சடைத்துச் செத்திருக்கிறது.

அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொருள் நல்ல பொருள். மறுபடி ஒரு ஆயிரம் மணி கிடைத்தால் போதும்.

அந்த ஆயிரம் மணியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை ஸ்வர்ணலதா. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“டைரக்டர் சார்கிட்ட பேசிட்டேன் தேவசேனா. உன் மெட்டீரியல் மேல ஒரு சொல்லு வராது. எக்ஸ்டென்ஷன் ஆறு மாசம், கையெழுத்து போட்டாச்சு. இதோ.” கடிதத்தை மேஜையில் நகர்த்தினார். “குழுவுக்கு ரிப்போர்ட் போகணும். காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல டெக்னீஷியன் தவறுதலா போர் வாட்டர் ஊத்திட்டாருன்னு எழுதிடு.”

“அண்ணா ஊத்தல மேடம். நீங்களும் அங்கதானே இருந்தீங்க.”

“போர் வாட்டர்தானே ஊத்தினது? அது நிஜம்தானே? டெக்னீஷியன்தானே மூடி திறந்தது? அதுவும் நிஜம்தானே?” ஸ்வர்ணலதா டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “திருப்பதிக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு, தீர்த்தம் ஊத்தினதால செல் போச்சுன்னு எழுதப்போறியா? காலேஜ் மேல கல்லு விழும். யோசிச்சுப் பாரு.”

“அண்ணாவுக்கு என்ன ஆவும்?”

“கான்ட்ராக்ட் ஆளு. மார்ச்ல ரின்யூ பண்ண மாட்டாங்க, அவ்வளவுதான். வேற இடத்துல சேந்துக்குவாரு.”

டீக்கோப்பையின் விளிம்பில் ஸ்வர்ணலதாவின் லிப்ஸ்டிக் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தேவசேனா கடிதத்தை எடுத்துக்கொண்டாள். இவர்கள் வாயால் பேசுகிறார்களா வேறெதாலாவது பேசுகிறார்களா என்று தோன்றியது. ஆனாலும் கடிதத்தை எடுத்துக்கொண்டாள். அதை மடித்துப் பைக்குள் வைக்கும்போது கசங்கிவிடக் கூடாதென்று பார்த்து வைத்தாள்.

கூடத்தில் நாகபூஷணம் உலையின் கம்பிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளில் தெலுங்கில் டைப் அடித்து, கையெழுத்து இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

“போட்டுடறேம்மா” என்றார். “நீ இதுக்கோசரம் மனச ஒடச்சிக்காத.”

“இன்னாண்ணா பேசற! நீ ஊத்துனியா?”

“தீர்த்தத்தால கெட்டுப்போச்சுன்னு எழுதனா அது பாவம்மா. வருசா வருசம் நடந்து மலையேறிக்கினு கீறவன் நான். அதுக்கு நான் ஊத்துனேன்னே இருக்கட்டும். எனுக்கு இன்னா, புத்தூர்ல மில்லுல கேட்டா வேல குடுப்பான்.”

“தீர்த்தத்து மேல குத்தமில்லண்ணா. நம்ம குடிச்சா நல்லதுதான். நிக்கலுக்கு ஆவாது, அவ்ளோதான். அத அங்க கொண்டுபோயி ஊத்துனாரு பாரு, அவரு மேலதான் குத்தம். அவரு மேல ஒரு தூசி படாது, நீ வூட்டுக்குப் போவணும். கேக்கவே நாறுது!”

அவள் கத்தியது கூடத்தில் எதிரொலித்தது. நாகபூஷணம் துணியை உதறிக் கம்பியில் போட்டார். அவருக்குக் குறையாகப் பட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் சங்கடத்தோடு சொன்னார்.

“ஒண்ணு மட்டும் மாத்திக் குடுக்க சொல்லும்மா. ‘கேக்காம தொறந்துட்டேன்’னு அடிச்சிகீறாங்கோ. நான் கேட்டேன்ல? உன்னத்தான் கேட்டேன். நீ தல ஆட்னப்பறந்தான் தொறந்தேன். பதினோரு வருசத்துல கேக்காம ஒண்ணும் தொறந்ததில்ல.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை அவர். தன் வேலைக்கு ஒரு களங்கம் வரக்கூடாது என்று சொன்னார், அவ்வளவே. தேவசேனா அங்கிருந்து வெளியே வந்துவிட்டாள்.

ஐந்து நாளாக அவள் எல்லோரையும் வெறுத்துக்கொண்டிருந்தாள். கோபிகிருஷ்ணனின் பொன்னாடையை, ஸ்வர்ணலதாவின் டீயை, இளித்தவர்களை, கைதட்டியவர்களை, செருப்பில் ஒட்டிவந்த பூசணியை. ஒரு ஆள் விடவில்லை. அந்தத் தலையாட்டலை மட்டும் வசதியாக மறந்துபோயிருந்தாள். நினைவுக்கு வரும்போதெல்லாம் அது தலையாட்டல் இல்லை, சும்மா அசைந்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளி கேட்டில் புதிதாக ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். இருபதடி அகலம். ‘தெய்வ ஆசியுடன் பசுமை ஹைட்ரஜன்’ என்று தெலுங்கில் பூப்போட்ட எழுத்து. கீழே படம். கோபிகிருஷ்ணன் தொட்டிக்குள் சொம்பைக் கவிழ்க்கிறார், தண்ணீர் விழுவதுகூடத் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் மூடியைப் பிடித்தபடி நாகபூஷணம், பார்வை கேமராவின் மேல் இல்லை, ஓரத்தில் நிற்கும் யாரையோ பார்க்கிறது. அந்த ஓரத்தில் தேவசேனா. கை கூப்பியிருக்கிறாள். எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாள்.

இரண்டடி உயரத்துக்குத் தன் இளிப்பைப் பார்த்தாள் அவள். மற்றவர்கள் முகத்தில் எதைப் பார்த்துக் குமட்டியதோ அதே இளிப்பு. ஒரு மாற்றுக் குறைவில்லை. பள்ளிப் பேருந்துக்காகப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, “அக்கா, நீங்கதானா!” என்று சந்தோஷப்பட்டார்கள். ஆமாம் என்றாள். நான்தான் என்றாள்.

போனை எடுத்தாள். ஃபிளெக்ஸ் முழுதும் வருகிற மாதிரி பின்னால் நகர்ந்து, சாக்கடை ஓரத்தில் நின்று, படம் பிடித்தாள்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். “இன்னாமா, எத்தினி ஆச்சு?” ஐந்து நாளாக ஓடுகிறது ஓடுகிறது என்றே சொல்லி வைத்திருந்தாள்.

“அறுந்துடுச்சி நைனா.”

“யாரு கை வெச்சது?”

“ஒருத்தரு வெச்சாரு. வெச்சிக்கோன்னு சொன்னது நானு.”

“உம்” என்றார் அப்பா. திட்டவில்லை. “சாப்புட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அறிக்கையை அவள் விடுதி அறையில் உட்கார்ந்து முடித்தாள். எண்ணூற்று எழுபது மணி வரை மின்முனையில் தேய்மானம் இல்லை. அதன் பின் பூஜைக்கு வைத்த போர் தண்ணீர் சுமார் முக்கால் லிட்டர் தொட்டியில் கலந்தது. சாமி பெயரையோ மதத்தையோ இழுக்கவில்லை. நுண்நோக்கிப் படங்களில் கண்டது இன்னின்னது. இதுவரை எழுதுவது சுலபமாக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் வந்து கை நின்றது. நீட்டிப்புக் கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்து வைத்துக்கொண்டாள். ஆறு மாசம். அதற்குள் நாலு தடவை ஆயிரம் மணி ஓட்டலாம். கையெழுத்து இன்னும் மையின் பளபளப்போடு இருந்தது, ரத்துசெய்ய ஒரு வரி போதும்.

காரணக் கட்டத்தில், ‘படம் ஒன்றைப் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதினாள்.

படம் ஒன்று, ஃபிளெக்ஸ். கல்லூரி தானே அச்சடித்துத் தானே கட்டியது. யாரும் பொய்யென்று சொல்ல முடியாது. அறிக்கை முழுதும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. படத்தின் கீழே வருகிற ஒரு வரியை மட்டும், நாகபூஷணமும் படித்துக்கொள்ளட்டும் என்று தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்து அடித்தாள். குழுவின் முகவரி, இயக்குநர், ஸ்வர்ணலதா என்று மூன்று பேருக்கும் ஒரே மின்னஞ்சலில் போட்டு, இன்னொரு தடவை படித்துப் பார்க்காமல் அனுப்பினாள்.

அந்த வரி இதுதான்:

‘இடமிருந்து வலம்: ஊற்றியவர் இயக்குநர் கோபிகிருஷ்ணன். கேட்டுவிட்டு மூடியைத் திறந்தவர் நாகபூஷணம். கெட்டுவிடும் என்று தெரிந்தே, சிரித்துக்கொண்டே திறக்கச் சொன்னவர் தேவசேனா.’